ஒரே மண்டபத்தில் இரண்டு மயில்கழுத்து

குலம் அண்ணை அழுததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில், கார் ரயர் மாற்றுகிற கடைக்குப் பக்கத்து யூனிற்றில் எங்கள் ஸ்ரூடியோ. நான் வழக்கமாகச் சேலை விரிக்கிற மேசைக்குப் பின்னால், நான் வழக்கமாக இருக்கிற உயரமான ஸ்ரூலில் அவர் இருந்தார். லைற்றெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். "ஏன் அண்ணை எல்லா லைற்றையும் போட்டு வச்சிருக்கிறியள்? சேலையெல்லாம் வெளிறப் போகுது" என்றேன். இரக்கம் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். என் வீட்டுக்காரர் இதைப் பலதடவை சொல்லியிருக்கிறார், அதுவும் நாலு பேருக்கு முன்னால்.

அவர் போனை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்மை கரைய அழுதபடி கைகாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்களும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள்.

"லண்டனில அந்த ரிவிச் சனலை மூடிட்டாங்கள் பிள்ளை" என்றார் குலம் அண்ணை. "இண்டைக்குத்தான் கடைசி. எல்லாரும் வந்து போட்டுவாறம் எண்டு சொல்லிப்போட்டுப் போயினம்."

அவர் வாய் மூடவில்லை, என் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் மிசிசாகாவில் இருக்கிற கமலா அக்கா. வருகிற சனிக்கிழமை அவருடைய மகனுக்குக் கலியாணம். தைத்து வந்த பிளவுசையும் அதற்குரிய சேலையையும் கட்டிலில் விரித்துப் படம் எடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

மயில்கழுத்து நிறம். அரக்குக் கரை. தலைப்பில் அன்னப்பட்சி.

அந்தச் சேலையை நான் கமலா அக்காவுக்கு விற்கவில்லை. ரூஜில் இருக்கிற ஜெயந்தி அக்காவுக்குத்தான் விற்றேன். ஜெயந்தி அக்கா யார் என்றால், அதே சனிக்கிழமை அதே மண்டபத்தில் கமலா அக்காவின் மகனைக் கட்டப்போகிற பெண்ணின் தாய்.

குலம் அண்ணை ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தார். நான் அந்த ஸ்ரூடியோவுக்குள் அங்கும் இங்கும் நடக்கத் தொடங்கினேன்.

லண்டனில எப்பிடித் தெரியுமோ

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களுக்காகச் சொல்லவேண்டும். நான் ரொறன்ரோவில் 'வீட்டுச்சந்தை' என்கிற தமிழ் தொலைக்காட்சியில் பல வருசம் சேலை விற்றவள். கமராவுக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக விரித்து, வீட்டில் இருந்தபடி போன் எடுப்பவர்களோடு கதைத்து விற்பது. அதைத் தொடங்கியவர் குலம் அண்ணை. அவருக்கு அந்த எண்ணம் வந்த இடம் லண்டன்.

கனடாவுக்கு வருமுன் அவர் இங்கிலாந்தில் ரிவியில் சாமான் விற்கிற ஒரு வெள்ளைக்காரச் சனலின் பொதி கட்டும் இடத்தில் வேலை செய்தவர். சனலின் பெயர் வேண்டாம். லண்டன் வீட்டுக் கூரைகளில் சட்டி மாதிரி டிஷ் முளைத்த காலத்தில் தொடங்கியது என்பார். முழுநாளும் விற்பனைதான். படமும் இல்லை, பாட்டும் இல்லை.

"வீடு கூட்டிற ஒரு தும்புத்தடியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பாங்கள் பிள்ளை. கேட்டுக்கொண்டிருந்தா உனக்கு அழுகை வரும். இவ்வளவு நாளும் இந்தத் தும்புத்தடி இல்லாம எப்பிடிச் சீவிச்சம் எண்டு நினைப்பாய்."

விலை மேலே போகாதாம், கீழே இறங்குமாம். திரையின் மூலையில் எத்தனை விற்றது என்று எண் ஏறிக்கொண்டே இருக்குமாம். அது ஏற ஏறச் சனத்துக்கு அவதி பிடிக்கும், போன் அடித்தபடி இருக்கும், குலம் அண்ணையும் கூட்டாளிகளும் கை ஓயாமல் பெட்டி ஒட்டுவார்கள். தனியே இருக்கிற கிழவிமார் அந்த அறிவிப்பாளர்களுக்குப் பிறந்தநாள் காட் அனுப்புவார்களாம். நத்தாருக்குக் கேக் அனுப்புவார்களாம்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். எதைத் தொட்டாலும் "லண்டனில எப்பிடித் தெரியுமோ" என்றுதான் தொடங்குவார். தேத்தண்ணி போட்டால்கூட லண்டன் வந்துவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். ஆனால் அந்த மனுசனுக்கு அது ஒரு கோயில். பொதி கட்டும் இடத்துச் சுவரில் ஒரு ரிவி இருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம்தான், எங்கட சனத்துக்கும் இப்பிடி ஒன்று வேணும் என்று தோன்றியதாம்.

ஒன்பது பேர் வாங்கிய சேலை

எங்கள் முதலாவது நிகழ்ச்சியைப் போல ஒரு கூத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

ஒரு தமிழ் சனலில் மத்தியானத்தில் ஒரு மணித்தியாலத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். நான் அதற்கு முன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை செய்தவள். வாய் நல்லாக ஓடும் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. முகத்தில் மாவைப் பூசி நிறுத்தினார்கள். பக்கத்துக் கடையில் ரயர் கழற்றுகிற மெசின் கத்தும்போதெல்லாம் நான் பேச்சை நிறுத்திச் சிரிக்கவேண்டும். அது ஏற்பாடு.

லண்டன் முறைப்படி ஒரே டிசைனில் ஒரு கட்டுச் சேலை. திரையின் மூலையில் எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. குலம் அண்ணை கமராவுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் பெருவிரலைக் காட்டினார். எண் ஒன்பதில் நின்றது. நின்றது நின்றதுதான். பிறகு போன் அடித்தது. எடுத்தால் ஒரு அன்ரி.

"பிள்ளை, உதை ஒன்பது பேர் வாங்கிட்டினம் எண்டு போட்டிருக்கு."

"ஓம் அன்ரி, நல்லாப் போகுது. நீங்களும் கெதியா எடுங்கோ."

"நான் பத்தாவது ஆளா எடுக்கவோ? அந்த ஒன்பது பேரும் எந்தக் கலியாணத்துக்குப் போகினம் எண்டு முதல் சொல்லும்."

ரயர் மெசின் கத்தாமலே நான் சிரித்தேன். அடுத்த போன், முன்னுக்கு வாங்கினவர். வேண்டாமாம். அதற்கடுத்ததும் அப்படித்தான். திரையில் எண் கீழே இறங்கத் தொடங்கியது. லண்டனில் விலை இறங்கும், ஸ்கார்பரோவில் எண் இறங்கியது. குலம் அண்ணையின் பெருவிரல்கள் எங்கே போயினவோ தெரியாது.

வெள்ளைக்காரிக்குப் பக்கத்து வீட்டில் அதே தும்புத்தடி இருந்தால் சந்தோசம். எங்கள் பெண்களுக்கு ஒரே மண்டபத்தில் அதே சேலையை இன்னொருத்தி உடுத்தி வந்தால் அந்தக் கலியாணச் சாப்பாடே இறங்காது. இதைத் தெரியாமல் கடை திறந்தது நாங்கள்தான். அதுவும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர்.

எங்க உடுக்கப் போறியள்?

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அடுத்த கிழமை எண்ணைத் திரையில் இருந்து எடுக்கச் சொன்னேன். சேலை வேண்டும் என்று போன் எடுத்தவர்களிடம் முதல் கேள்வியாக, "எங்க உடுக்கப் போறியள் அக்கா?" என்று கேட்டேன்.

யாருடைய கலியாணம், எந்த மண்டபம், எந்தக் கிழமை, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமோ பொம்பிளை வீட்டுப் பக்கமோ, எல்லாம் கேட்பேன். ஒரு டிசைனில் நாலைந்து சேலை இருக்கும். ஒன்று ரெக்ஸ்டேலுக்குப் போனால் அடுத்தது மொன்றியலுக்குப் போகும், இன்னொன்று சந்திக்கவே சந்திக்காத வேறு சனத்துக்குப் போகும். ஒரே மண்டபத்துக்கு ஒரே டிசைன் இரண்டு போகவிடமாட்டேன். எல்லாம் தலைக்குள்தான். வீட்டில் அடுப்பில் என்ன வைத்தேன் என்பது மறந்துபோகும், எந்த மாமி எந்த மண்டபத்தில் என்ன நிறம் என்பது மறக்காது.

நிகழ்ச்சி முடியும்போது கமராவைப் பார்த்துச் சொல்வேன்: "உங்கட மண்டபத்தில இந்தச் சாறி இன்னொண்டு வராது. அதுக்கு நான் பொறுப்பு."

பிடித்துக்கொண்டது. ஒரு மணித்தியாலம் மூன்றானது. பிறகு குலம் அண்ணை தனிச் சனலே எடுத்தார். பொய் சொல்லுகிறவர்களும் வந்தார்கள். ரெக்ஸ்டேலில் கலியாணத்தை வைத்துக்கொண்டு, நான் உடுக்கப்போவது ஒட்டாவாவில் என்று ஒருவர் சொன்னார். அடுத்த போனில் அவருடைய மச்சாளே வந்து அந்தக் கலியாணத்தின் பெயரைச் சொல்லிச் சேலை கேட்டார். மச்சாள்மார் பாடு பெரும் பாடு. "அவ என்ன எடுத்தவ? நிறத்தை மட்டும் சொல்லுங்கோ" என்று கெஞ்சுவார்கள். நான் சொல்லவே மாட்டேன். ஒரு டொக்ரரைப் போல இருந்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

தமிழ்க் கடைக்குள் மரக்கறி வாங்கப் போனால் நாலு பேர் மறிப்பார்கள். குலம் அண்ணையை ஒருவருக்கும் தெரியாது. வீட்டுச்சந்தை என்றால் என் முகம்தான். தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னை ஒருவரும் நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் இல்லை. நான் ஒரு ஆளாகவே இல்லை. இப்போது என் வாயில் இருந்து வருகிற ஒரு வசனத்தை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையின் கலியாணத்துக்குப் போய் நிற்கிறார். அந்த வசனம் ஒருதரம் பொய்த்தால் நான் திரும்பவும் தட்டு அடுக்குகிறவள்தான். இதில் மிகைப்படுத்த ஒன்றும் இல்லை.

அது கேக்காது அண்ணை

பிறகு போன்கள் வந்தன. வேறு மாதிரியான போன்கள், கமரா உள்ளவை.

ஒவ்வொரு பேஸ்மன்ற்றிலும் ஒரு வீட்டுச்சந்தை முளைத்தது. ஒரு தங்கச்சி, ஒரு வட்ட லைற், ஒரு போன். அவ்வளவுதான் ஸ்ரூடியோ. இரவுச் சாப்பாடு முடிந்தகையோடு லைவ் போடுவார்கள். சிலர் காஞ்சிபுரத்துக் கடைக்குள்ளேயே நின்று காட்டினார்கள். எங்கள் சனலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கண் தெரியாமல் வந்தது, பிள்ளைகள் வீட்டில் கேபிளை வெட்டினார்கள். மூன்று மணித்தியாலம் திரும்பவும் இரண்டாகி ஒன்றானது.

லண்டனில் இருந்தும் அதே கதைதான் வந்துகொண்டிருந்தது. குலம் அண்ணையின் பழைய கூட்டாளிகள் போன் எடுப்பார்கள். ஆட்களைக் குறைக்கிறார்களாம். சனல் கைமாறியதாம். பொதி கட்டும் இடம் சின்னதாகிவிட்டதாம். அவர் ஒவ்வொரு செய்தியையும் சொந்தத்தில் யாரோ வருத்தத்தில் படுத்துவிட்டார் என்பது மாதிரி எனக்குச் சொல்லுவார்.

அந்தப் பதற்றத்தில்தான் அவர் வெப்சைற் ஒன்று செய்வித்தார். படத்தைப் பார்த்து, அமத்தி, வாங்கலாம். நான் துள்ளினேன்.

"அது எந்த மண்டபம் எண்டு கேக்காது அண்ணை."

"ஆர் பிள்ளை இப்ப உதெல்லாம் கேக்கினம்? சனம் சாமத்தில நித்திரையில்லாமல் கிடந்து வாங்குது. நீ எழும்பி இருந்து கேக்கப் போறியோ?"

கேட்டிருப்பேன். ஆனால் அவர் விடவில்லை.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். கமலா அக்காவுக்கு உடனே போன் எடுத்தேன். "வடிவாக் கிடக்கு அக்கா. எங்க எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். குரல் நடுங்காமல் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வேற எங்க? உங்கட ஆக்களிட்டத்தான். கொம்பியூட்டரில மகள் எடுத்துத் தந்தவள். நீர் பொறுப்பு எண்டு சொல்லுறனீர் எல்லே. அந்த நம்பிக்கையிலதான் எடுத்தனான்."

போனை வைத்துவிட்டுக் குலம் அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்தார்.

"லண்டனே மூடிப்போச்சு பிள்ளை. நீ ஒரு சாறிக்கு நிண்டு துள்ளுறாய்."

நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ரூஜில்

ஜெயந்தி அக்கா மட்டக்களப்பு. மாப்பிள்ளை வீடு யாழ்ப்பாணம். பிள்ளைகள் இரண்டும் யுனிவர்சிற்றியில் கண்டு விரும்பியது. பெரியவர்கள் சம்மதித்தார்கள். ஆனால் சம்மதத்துக்குள் நிறைய முள் இருந்தது. நிச்சயார்த்தத்தில் மாப்பிள்ளையின் சொந்தக்காரர் யாரோ, "எங்கட பக்கத்தில உப்பிடிச் செய்யிறேல்லை" என்று சொல்லிவிட்டாராம். என்ன விசயத்துக்குச் சொன்னார் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. வசனம் மறக்கவில்லை.

இந்தக் கதையை ஜெயந்தி அக்கா எனக்குச் சொன்னதே அந்தச் சேலையை வாங்கிய அன்றைக்குத்தான். விளம்பரம் போகிற நேரத்தில், மற்ற போன்களைக் காக்க வைத்துவிட்டு நான் அவருடன் கதைத்தேன். "மேடையில நான் நிமிந்து நிக்கணும் கா, அதுக்கு ஒண்டு தாங்க" என்றார், மட்டக்களப்புக் 'கா'வோடு. நான் அந்த மயில்கழுத்தை விரித்தேன். அதற்குப் பிறகு அவர் வேறொன்றும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் காலடி வைக்க இடமில்லை. பலகாரச் சட்டி, பூமாலைப் பெட்டி, உறவினரின் சூட்கேஸ். எண்ணெய் வாசம் கண்ணை எரித்தது. அவரை மேல் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் கட்டிலில் இருந்தார்.

"அவ தெரிஞ்சா செஞ்சா?"

"இல்லை அக்கா. சத்தியமா அவவுக்கு ஒண்டும் தெரியாது."

"நான் ஏன் கா மாத்தணும்? நீங்கதானே சொன்னீங்க, இந்த மண்டபத்துல இன்னொண்டு வராதெண்டு. நான் மாத்தினா என்ன சொல்லுவாங்க? அவங்களப் பாத்து உடுத்தவ எண்டு சொல்லுவாங்க. மாத்தாட்டியும் அதத்தான் சொல்லுவாங்க."

அவருடைய மகள், மணப்பெண், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. விசயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"அம்மா, லிற்றரலி நோபடி கெயர்ஸ். என்ர பிரண்ட்ஸ் எல்லாரும் சேம் சாறிதான் உடுக்கினம்."

"நீ போ மகள்" என்றார் ஜெயந்தி அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "உங்கள நம்பித்தானே எடுத்தன்" என்றார். படியில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது.

மிசிசாகாவில்

வெள்ளிக்கிழமை காலையில் என் அலுமாரியில் இருந்ததிலேயே நல்ல சேலையை எடுத்துக்கொண்டு கமலா அக்காவிடம் போனேன். வாடாமல்லி நிறம், நான் ஒருநாளும் உடுத்தாதது. 401 நெடுஞ்சாலை முழுக்கக் கார் நின்று நின்று நகர்ந்தது. ஸ்ரியரிங்கில் அடித்து அடித்து என் கை சிவந்தது. ரேடியோவைப் போட்டேன், நிப்பாட்டினேன், திரும்பப் போட்டேன்.

கமலா அக்கா நல்ல மனுசி, ஆனால் முதுகெலும்பு இரும்பு. புருசன் போன பிறகு விமான நிலையத்தில் இரவு வேலை செய்து அந்தப் பிள்ளையை வளர்த்தவர். தேத்தண்ணி தந்துவிட்டு நேரே கேட்டார்.

"ஆர் முதல் வாங்கினது?"

பொய் சொல்லியிருக்கலாம். "அவதான்" என்றேன்.

"ம்." வாடாமல்லியைத் தொட்டுப் பார்த்தார். பட்டின் விளிம்பை விரலால் தடவினார். மடித்து என் பக்கமே தள்ளினார். "நல்ல சாறி. ஆனா வேண்டாம் தங்கச்சி. இப்ப நான் மாத்தினா, அவவுக்கு விட்டுக்குடுத்தனான் எண்டு எங்கட சனம் கதைக்கும். அவ மாத்தினா, எனக்குப் பயந்தவ எண்டு அவையின்ர சனம் கதைக்கும். ரெண்டு பேரில ஆர் மாத்தினாலும் அந்தப் பிள்ளையள் ரெண்டும் ஆயுள் முழுக்க உந்தக் கதையைக் கேக்க வேணும்."

"அப்ப என்ன அக்கா செய்யிறது?"

"உம்மைத்தான் கேக்க வேணும். நீர்தானே பொறுப்பு."

நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது. அந்த ஒரு வசனத்தைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுச்சந்தை அதற்குப் பிறகு அதிக காலம் ஓடவில்லை. குலம் அண்ணை லைற்றுகளைப் பேஸ்மன்ற் தங்கச்சிமாரில் ஒருத்திக்கே கொடுத்தார். எங்கள் யூனிற்றில் இப்போது யாரோ முதுகு நோவுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். குலம் அண்ணை சுகமாக இருக்கிறார். லண்டனைப் பற்றிக் கதைப்பதில்லை. இப்போது எனக்குத்தான் அதைக் கேட்கவேண்டும் போல இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் நான் காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றுவதும் உண்டு. இந்த அத்தியாயத்தில் பாதியைக் கோப்பிக் கடை வாசலில் காருக்குள் இருந்துதான் எழுதினேன்.

சனிக்கிழமை

கலியாணத்துக்குப் போகாமல் விட்டிருக்கலாம். ஜெயந்தி அக்கா முறைப்படி அழைத்திருந்தார். போகாவிட்டால் ஒளித்தவள் ஆவேன். போனேன். கடைசி மேசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். இருந்தேன் என்றால் பெயருக்கு. இரண்டு நிமிசத்துக்கு ஒருதரம் எழும்பி வாசலைப் பார்த்தேன்.

பொம்பிளை வீட்டார் முதலில் வந்தார்கள். ஜெயந்தி அக்கா மயில்கழுத்தில் வந்தார். நிமிர்ந்துதான் வந்தார். அரக்குக் கரை வெளிச்சத்தில் எரிந்தது. என் வாழ்நாளில் நான் விற்றதிலேயே நல்ல சேலை அதுதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

நாதஸ்வரம் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வரவேற்க ஜெயந்தி அக்கா தட்டோடு முன்னுக்குப் போனார். கதவு திறந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கமலா அக்கா. மயில்கழுத்து. அரக்குக் கரை. அன்னப்பட்சி.

மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை விட்டார்கள். ஒருவரையொருவர் முழங்கையால் இடிப்பதை நான் கண்டேன். இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். ஜெயந்தி அக்கா தட்டை நீட்டாமலே நின்றார்.

அப்போது மாப்பிள்ளைப் பக்கத்தில் இருந்து ஒரு பெரியம்மா, நகை மினுங்க, சத்தமாகவே கேட்டார்.

"என்ன இது, ரெண்டு பேரும் ஒண்டை உடுத்திருக்கிறியள்? பேசி வச்சோ?"

ஒரு மூச்சுக்கூடப் பிந்தவில்லை. கமலா அக்கா கையை நீட்டி ஜெயந்தி அக்காவின் தோளில் கிடந்த தலைப்பைச் சரிசெய்தார், சொந்தத் தங்கச்சிக்குச் செய்வதுபோல.

"ஓம் அக்கா. பேசித்தான். பிள்ளையள் ஒண்டாகினம், நாங்களும் ஒண்டா உடுப்பம் எண்டு ரெண்டு பேரும் சேந்துதான் எடுத்தனாங்கள்."

ஜெயந்தி அக்கா ஒருகணம் அவரையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஓம் ஓம். சேந்துதான் போய் எடுத்தம்" என்றார். தட்டின் ஒரு பக்கத்தைக் கமலா அக்கா பிடித்தார். படம் எடுக்கிறவன் ஓடிவந்து இருவரையும் சேர்த்து நிறுத்தினான். "என்ன வடிவு" என்று யாரோ சொன்னது கடைசி மேசைவரை கேட்டது. பொம்பிளையின் சிநேகிதிகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே இளஞ்சிவப்புத்தான்.

என் கால் தன்பாட்டில் நடந்து அவர்களுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஓடிப்போய் இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தப் பெரியம்மா விடுகிற ஆள் இல்லை. சேலையின் கரையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க போய் எடுத்தனீங்கள்?"

சேர்ந்து போனதாகச் சொல்லியாகிவிட்டது. ஒன்றாக ஒரு கடைக்குள் அவர்கள் ஒருநாளும் போனதில்லை. பெரியம்மா நிமிர்ந்தார். என்னைக் கண்டார். கண் சுருங்கியது.

"நீர் ரிவியில சாறி விக்கிற பிள்ளை எல்லே? உம்மட ரிவியில இதை நான் கண்ட மாதிரிக் கிடக்கு. உம்மட்டையோ வாங்கினவை?"

கமலா அக்கா என்னைப் பார்த்தார். ஜெயந்தி அக்காவும் பார்த்தார். ஆம் என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: ஒரே மண்டபத்துக்கு இரண்டு வராது என்று நீர் சொல்லுவீரே, அது எப்படி வந்தது, யார் முதல் வாங்கியது. அந்த இரண்டு பேரும் சேர்ந்து பிடித்திருந்த தட்டு அதோடு கீழே விழும்.

நான் சிரித்தேன். கமராவுக்கு முன்னால் சிரிக்கிற அதே சிரிப்பு.

"இல்லை அன்ரி. உது வேற தரம். இவை ரெண்டு பேரும் எங்கயோ தேடித் தேடி எடுத்திருக்கினம். வீட்டுச்சந்தையில உப்பிடிச் சாறி வாறேல்லை."

அவர் நம்பினார். என் வாயில் இருந்து வருவதை எல்லாரும் நம்புவார்கள். "அதுதானே பாத்தன், ரிவியில விக்கிறது உப்பிடி இராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.